சாண்டா ஆனாவுக்கு வந்த கெட்ட பெயர்

அக்டோபர் பிறந்துவிட்டால் தெற்குக் கலிஃபோர்னியாவில் தாராளமாக வடாம் போடலாம். காலையில் பால்கனியில் பிழிந்து வைத்தால் சாயங்காலம் கலகலவென்று காய்ந்திருக்கும், என்ன, தட்டைப் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் போய்த் தேட வேண்டியிருக்கும். சாண்டா ஆனா என்கிற வறண்ட அனல்காற்று அடிக்கிற நாட்களில் உதடு வெடிக்கும், கார் கதவைத் தொட்டால் சுரீரென்று ஷாக் அடிக்கும், அலங்காரப் பனைகளின் காய்ந்த மட்டைகள் நடுரோட்டில் விழுந்து கிடக்கும். ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே போய்விடும்.

பாலைவனச் சூட்டை வாரிக்கொண்டு வருவதால்தான் இவ்வளவு அனல் என்று பல வருடமாக இங்கே இருப்பவர்களே சொல்கிறார்கள். அது சரியில்லை. நெவாடா, யூட்டா பக்கத்து மேட்டுநிலத்தில் அப்போது குளிர்தான். அங்கே கனத்த குளிர்காற்று தேங்கி அழுத்தம் ஏறிப்போய், கடலோரத்தில் அழுத்தம் குறைவாக இருக்கும்போது மலை இடுக்குகள் வழியாகக் கீழே பாய்கிறது, இறங்க இறங்க அமுங்கிச் சூடாகிறது. 1000 மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் கூடும். டயருக்குக் காற்றடிக்கும்போது சைக்கிள் பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதே சங்கதிதான். மட்டக்களப்புக்காரர்களுக்கு இது புதிதில்லை, தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டுக் கிழக்கே இறங்கி, கச்சான் என்கிற வறண்ட காற்றாக அவர்களைக் காய்ச்சி எடுக்கிறது. இங்கே கிளம்பும்போதே ஈரம் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பெயர் எப்படி வந்தது என்றால், காற்று பாயும் இடுக்குகளில் ஒன்று சாண்டா ஆனா ஆற்றின் பள்ளத்தாக்கு. 1769 ஜூலை கடைசியில் போர்ட்டோலாவின் ஸ்பானியக் குழு அந்த ஆற்றங்கரையில் தங்கியபோது நிலம் நடுங்கியது. கூட வந்த பாதிரியார் கிரெஸ்பி, இயேசுவின் பெயரோடு நடுக்கத்தையும் சேர்த்து நீளமாக ஒரு பெயர் வைத்தார். யார் அதைச் சொல்வது? சிப்பாய்கள் மரியாளின் தாயான அன்னம்மாள் பெயரைச் சொன்னார்கள், அதுவே நின்றுவிட்டது. நூறு வருடம் கழித்து, 1869-இல், ஸ்பர்ஜன் என்பவர் அங்கே ஒரு ஊரைத் தொடங்கி ஆற்றின் பெயரையே வைத்தார். எங்கோ கிளம்பி வருகிற காற்றுக்கு எங்கள் ஊர் பெயரா என்று அந்த ஊர் வியாபாரிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சண்டைக்கு நின்றார்கள், பலிக்கவில்லை.

காற்று தானாகத் தீ வைக்காது, ஆனால் ஒரு பொறி போதும். கோடை முழுக்கக் காய்ந்த புதர்க்காட்டில், முதல் மழை விழுவதற்கு முன்னால் இது அடித்தால்தான் ஆபத்து. 2025 ஜனவரி 7-இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பாலிசேட்ஸ், ஈட்டன் என்ற இரண்டு காட்டுத்தீ கிளம்பியபோது ஜனவரி வந்தும் உருப்படியான மழை பெய்திருக்கவில்லை, இரண்டிலுமாக 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போய்விட்டன.

இப்போதெல்லாம் காற்று பலமாக அடிக்கும் என்றால் மலையோரப் பகுதிகளில் முன்கூட்டியே கரண்டை நிறுத்திவிடுகிறார்கள். ஃப்ரிட்ஜில் இருக்கும் மாவு புளித்துப் பொங்குகிறது என்று நம் ஆட்களின் வாட்சப் குழுக்களில் ஒரே புலம்பல். எனக்கு அதில் புகார் இல்லை. 2007-இல் சான் டியாகோ பக்கம் எரிந்த விட்ச் தீ, காற்றில் ஆடிய மின்கம்பியிலிருந்து கிளம்பியதுதான். மாவு புளித்தால் புளிக்கட்டும், ஊத்தப்பம் ஊற்றிக்கொள்ளலாம்.