நிலைப்படிக்கு இந்தப் பக்கம்

அந்த அம்மாளுக்கு 63 வயது. பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஓட்டு வீடு; நிலைப்படி ஒரு சாண் உயரம் இருக்கும். வலது கையில் தடியைக் கொடுத்து, "நல்ல காலை முதலில் படிமேல் வையுங்கள் அம்மா, அப்புறம் இடது காலைத் தூக்கி அதே படியில் சேர்த்துக்கொள்ளலாம்" என்றேன். படியேறக் கற்றுக்கொடுப்பது இப்படித்தான். அவர் அப்படியே நின்றுவிட்டார். "நிலைப்படியை மிதிக்கச் சொல்கிறாயே பாப்பா? வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் கும்பிடுகிற இடம்."

பிசியோதெரபிஸ்ட்டாக எத்தனையோ பேருக்குப் படியேறக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். படியை மிதிக்கவே கூடாது என்று ஒரு நோயாளி சொல்லிக் கேட்டது அன்றுதான். மிதித்து ஏறுவது வேறு, தாண்டுவது வேறு. தாண்டும்போது பலவீனமான காலில் ஒரு கணம் முழு உடம்பும் நிற்க வேண்டும். பிறகு அந்தக் கால் பின்னாலிருந்து வர வேண்டும். அது வருவது அவர் கண்ணுக்குத் தெரியாது. பாதம் தொங்குகிறவர்களுக்குப் பெருவிரல் இடிப்பது அந்த இடத்தில்தான். நான் போட்டு வைத்திருந்த பயிற்சித் திட்டத்தை அன்றே மாற்றினேன். முதலில் மடித்த கோணிப்பை, இரண்டு வாரம் கழித்துப் படுக்கவைத்த செங்கல், அதற்குப் பிறகு நிலைப்படி. பேத்தி தரையில் உட்கார்ந்து பாட்டியின் கால் விரலையே பார்த்துக்கொண்டிருப்பாள். "இடித்துவிட்டது பாட்டி, திரும்பச் செய்" என்பாள். நான் சொன்னால் முகம் வாடுகிற அம்மாள், அவள் சொன்னால் சிரிப்பார்.

மருத்துவமனையில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வீட்டுச் சிகிச்சைக்கு வந்தவள் நான். அங்கே பிடித்து நடக்க இணைக் கம்பிகள், ஆளுயரக் கண்ணாடி, வழவழப்பான தரை எல்லாம் உண்டு. நோயாளி நான் சொன்னதைச் செய்வார். வீட்டில் நான் விருந்தாளி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், காபி வேண்டாம் என்று சொல்லக் கூடாது, எது முக்கியம் என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். தொடக்கத்தில் இது எனக்குக் கஷ்டமாகவே இருந்தது. "கரண்ட் வைக்கவில்லையா?" என்று மின்சாரக் கருவியைக் கேட்காத வீடு கிடையாது. நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காரச் சொன்னால், இதற்கா இவ்வளவு தூரம் வந்தாய் என்பது போலப் பார்ப்பார்கள்.

ஆனால் மருத்துவமனையில் எனக்குக் கிடைக்காத ஒன்று வீட்டில் கிடைத்தது. அங்கே சீட்டில் 'தோள்வலி' என்று எழுதி அனுப்பியிருப்பார்கள். வீட்டுக்குப் போன பிறகுதான் அந்த வலி எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்த்தேன். ஒரு வீட்டில் நோயாளியை மகன் பாசத்தோடுதான் தூக்குகிறான். ஆனால் செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்குகிறான். பிடித்து நிறுத்தும் தசைகள் சோர்ந்துவிட்டதால் அந்தத் தோள்மூட்டு ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்து இழுப்பு என்றால் வலிக்காமல் என்ன செய்யும்? குழிந்து போன கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுவதும் கிணற்றிலிருந்து ஏறுவது போலத்தான். கயிற்றை இறுக்கிக் கட்டி, நான்கு கால்களுக்கும் செங்கல் வைத்து உயர்த்தினோம். இடுப்பில் துண்டைச் சுற்றிப் பிடிக்க மகனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் நான் செய்த சிகிச்சை அவ்வளவுதான், எந்தக் கருவியும் இல்லாமல்.

வீட்டாருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் போதும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில், பக்கவாதம் வந்த 1,250 பேரை வைத்து இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆய்வின் முடிவு 2017ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் வந்தது. குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பியவர்களுக்கும் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுக்கும் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இறப்பிலோ பிறரைச் சார்ந்திருப்பதிலோ வித்தியாசம் இல்லை. படித்தபோது மனம் சோர்ந்துபோனது. ஆனால் நான் போகிற வீடுகளை நினைத்துப் பார்த்தால் எனக்கு அது வியப்பாக இல்லை. பயிற்சி யார் தலையில் விழுகிறது? பெரும்பாலும் மருமகள் தலையில். விடிந்ததும் தண்ணீர், சமையல், பிள்ளைகள், பிறகு நூறு நாள் வேலை. மாமனாரின் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்க அவளுக்கு எந்த நேரம் மிச்சம் இருக்கிறது? சிகிச்சையாளர் வீட்டுக்கு வருவது, சிகிச்சையாளரின் வேலையை வீட்டில் இறக்கிவைத்துவிட்டுப் போவதாக ஆகிவிடக் கூடாது.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் தொடங்கிய பிறகு, பிசியோ வீட்டுக்கு வருவது கிராமங்களிலும் பழகிவிட்டது. அதற்கு முன்பு அது வசதி உள்ளவர்களின் ஏற்பாடு. இந்த மாற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் எல்லா நோயாளிகளும் வீட்டையே விரும்புகிறார்கள் என்று நினைத்திருந்தேன், அது தவறு. லாரி ஓட்டிய பெரியவர் ஒருவர் என்னிடம் முகம் கொடுத்தே பேச மாட்டார். ஒரு நாள் கேட்டேவிட்டேன். "ஆஸ்பத்திரிக்குப் போனால் என்னைப் போல் பத்துப் பேர் இருந்தார்கள் அம்மா. பஸ்ஸில் நாலு ஊரைப் பார்த்துக்கொண்டு போவேன். இங்கே நான் ஒருத்தன்தான் நோயாளி" என்றார். அலைச்சல் மிச்சம், செலவு மிச்சம் என்று நாங்கள் கணக்குப் பார்த்தோம். அவருக்கு அந்த அலைச்சல்தான் வெளியுலகமாக இருந்திருக்கிறது.

பார்தெல் அளவுகோல் என்று ஒன்று வைத்திருக்கிறோம். சாப்பிடுவது, குளிப்பது, நடப்பது, படியேறுவது என்று பத்து வேலைகள், மொத்தம் 100 மதிப்பெண். அந்த அம்மாள் நிலைப்படியைத் தாண்டிய வாரத்தில் போட்டுப் பார்த்தேன். முந்தைய மாதம் வந்த அதே எண்தான். தாண்டி வெளியே வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து, தெருவில் போன ஒருத்தியைக் கூப்பிட்டு, மகள் கல்யாணம் என்ன ஆயிற்று என்று அரை மணி நேரம் விசாரித்துக்கொண்டிருந்தார். அதை எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதி வைத்தேன்.

லாரி ஓட்டிய பெரியவரின் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி இன்னொருவருக்கும் வாதம். இப்போது வியாழக்கிழமைகளில் இரண்டு பேரையும் கோயில் மண்டபத்துக்கு வரவைக்கிறேன். பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுகிறார். போன வாரம் நான் போய்ச் சேர்வதற்குள், "காலைத் தேய்க்காதே, தூக்கி வை" என்று அவரே மற்றவரை அதட்டிக்கொண்டிருந்தார்.