நோஸ் வீலும் கப்பலூர் மாமாவும்

நான் ஊருக்கு வந்த இரண்டாம் நாளே "எப்பய்யா கிளம்புற" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்பது அம்மாவின் வழக்கம். போன வருஷம் ஒரு தடவை ஐந்து வாரம் வீட்டிலேயே கிடந்ததில், நாலாவது வாரம் கதவோரம் நின்றுகொண்டு மெதுவாக, "வேலைய விட்டுட்டியா?" என்று கேட்டுவிட்டார். விடவில்லை. வேலைதான் மதுரைக்கு வந்து மாட்டிக்கொண்டது.

நான் ஒரு சின்ன ஃப்ளையிங் ஸ்கூலில் ஏ.எம்.இ. சொந்தக்காரர்களிடம் விமான மெக்கானிக் என்று சொல்வேன், அவர்கள் கல்யாண வீட்டில் இன்ஜினியர் என்று சொல்லிக்கொள்வார்கள். ஸ்கூலில் இருப்பது நாலு விமானம், எல்லாமே செஸ்னா 152, இரண்டு பேர் உட்காருகிற சின்னப் பயிற்சி விமானம். இந்த 152-ஐ 1977-ல் ஆரம்பித்து 1985-ல் நிறுத்திவிட்டார்கள். அப்படியானால் உலகத்தில் இருக்கிற 152-களில் இளசுக்கே நாற்பது வயது. அதில் ஒன்றை ஒரு மாணவி தனியாக ஓட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தாள். ஒழுங்காகத்தான் இறங்கினாள், ஆனால் ரன்வேயில் ஓடும்போது நோஸ் வீல், அதாவது முன் சக்கரம், தடதடவென்று ஆடி, டேஷ்போர்டெல்லாம் குலுங்கி, எப்படியோ பார்க்கிங்குக்கு வந்து நிறுத்தியபோது முன் ஸ்ட்ரட் பொசுக்கென்று உட்கார்ந்துவிட்டது. கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் சேர்க்க வேண்டிய பிள்ளை, தான்தான் உடைத்துவிட்டோம் என்று அழுதிருக்கிறாள். முதலாளி எனக்கு போன் போட்டார். "உங்க ஊர்தானே, நீங்களே போயிருங்க." வீடு வில்லாபுரம், ஏர்போர்ட் பைக்கில் போகிற தூரம். நானும் சந்தோஷமாகத்தான் கிளம்பினேன்.

பார்த்ததைச் சொல்கிறேன். ஸ்ட்ரட் என்பது ஒன்றுக்குள் ஒன்று சறுக்குகிற இரண்டு குழாய், உள்ளே எண்ணெயும் காற்றும். உள்குழாய் மேலும் கீழும் போகலாம், இஷ்டத்துக்குச் சுற்றக் கூடாது. அப்படிச் சுற்றாமல் பிடித்து வைப்பது முழங்கால் மாதிரி மடங்கி நிமிர்கிற இரண்டு கைகள், டார்க் லிங்க் என்று பெயர், கத்தரிக்கோல் மாதிரி இருப்பதால் சிஸர்ஸ் என்றும் சொல்வோம். அந்த மூட்டுகளில் விரல் நீளம்கூட இல்லாத புஷ், துளைக்குள் உட்காருகிற சின்ன உலோக வளையம். அது தேய்ந்தால் சக்கரத்துக்குக் கொஞ்சம் ஆட்டம் வரும், வேகத்தில் அந்தக் கொஞ்சம் பெரிய ஆட்டமாகிவிடும். ஆட்டத்தை அடக்க ஷிம்மி டேம்பர் என்று ஒன்று இருக்கிறதுதான், ஆனால் புஷ் தேய்ந்தபின் அது மட்டும் என்ன செய்யும்?

ஸ்ட்ரட் உட்கார்ந்ததற்குக் காரணம் ஓ-ரிங், எண்ணெய் கசியாமல் தடுக்கிற ரப்பர் வளையம். தரையில் சிவப்பு எண்ணெய் பாக்கு துப்பிய மாதிரி கிடந்தது. அது பிரச்சினையே இல்லை, ஸ்கூலிலேயே ஸ்டாக் இருந்தது. பிரச்சினை கீழ் டார்க் லிங்கில். புஷ் உட்காரும் துளை வட்டமாக இல்லை, அதன் ஓரத்தில் ஒரு அழுக்குக் கோடு. பெட்ரோல் தொட்டுத் துடைத்தேன், போகவில்லை. சிவப்புச் சாயத்தை அடித்து, பத்து நிமிஷம் ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளை டெவலப்பரைத் தூவினேன். திருப்பரங்குன்றம் மலைப் பக்கம் வெயில் சாய்கிற நேரம். அந்த வெள்ளையில் கொசுக்கால் தடிமனுக்கு ஒரு சிவப்புக் கோடு மெதுவாக ஊறி வெளியே வந்தது. விரிசல்.

சரி, ஸ்கூலில் ஓடாமல் நிற்கிற இன்னொரு 152 இருக்கிறதே, அதிலிருந்து கழற்றலாம் என்று போன் செய்தால், அதன் லிங்க்கை இரண்டு வருஷத்துக்கு முன்பே வேறொன்றுக்குக் கழற்றியாகிவிட்டது. கழற்றியது நான்தான், மறந்துவிட்டேன்.

கப்பலூர் சிட்கோ எஸ்டேட்டில் என் தாய்மாமாவுக்கு லேத் பட்டறை இருக்கிறது. பம்ப் ஷாஃப்ட், டிராக்டர் பின், ரைஸ் மில் புஷ், எது கேட்டாலும் கடைந்து தருவார். லிங்க்கைக் கழற்றிக்கொண்டுபோய்க் காட்டினேன். யோசனை கேட்கப் போகவில்லை, புலம்பத்தான் போனேன். டீலர் ஒருவர் புது லிங்க்குக்குச் சொன்ன விலையையும், 20 வாரம் ஆகும் என்றதையும் சொன்னேன். மாமா மைக்ரோமீட்டரை எடுத்து அளந்தார், மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இதுக்கா அம்புட்டு ரூபா? மாப்ளே, சாயங்காலத்துக்குள்ள ரெண்டு புஷ் போட்டுருவேன். லிங்க்கையும் மில்லிங்ல எடுத்துருவோம். ஐநூறு ரூபா குடு, உனக்காக."

"நீங்க போட்டா ஒரிஜினல விட நல்லா இருக்கும் மாமா. அந்த ராடு எங்க வாங்குனது?"

"கடையிலதான்."

"என்ன கிரேடு?"

"கடைக்காரன் சொன்னான்."

"அவன் யார்கிட்ட வாங்குனான்?"

மாமா பதில் சொல்லவில்லை, டீ சொன்னார்.

விஷயமே அவ்வளவுதான். விமான பாகத்தில் நாம் விலை கொடுப்பது உலோகத்துக்குக் கொஞ்சம், அதன் ஜாதகத்துக்கு மிச்சம். இந்தத் துண்டு எந்த வார்ப்பில் பிறந்தது, யார் சோதித்தார்கள், யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று பேப்பர் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அதற்கு எஃப்.ஏ.ஏ. 8130-3, ஐரோப்பாவில் ஈ.ஏ.எஸ்.ஏ. ஃபார்ம் 1, நம் நாட்டு விமானத் துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வுக்கு சி.ஏ. ஃபார்ம் 1. அது இல்லாத பாகம் எனக்கு இரும்புக்கடைச் சரக்குதான். ஓ-ரிங், போல்ட், நட் மாதிரி ஸ்டாண்டர்ட் சாமான்களுக்கு மட்டும் இந்த ஃபார்ம் வேண்டாம், செய்தவர் தருகிற கன்ஃபார்மிட்டி சர்டிஃபிகேட் போதும். பேப்பரே பொய்யாகவும் இருக்கலாம் என்பது வேறு கதை. 2023-ல் லண்டனில் ஒரு கம்பெனி போலி சர்டிஃபிகேட்டோடு சி.எஃப்.எம்.56 இன்ஜின் பாகங்களை விற்றது வெளியே வந்து, பெரிய பெரிய ஏர்லைன்கள் விமானத்தை நிறுத்திவிட்டு இன்ஜினைத் திறந்து தேடினார்கள். எனவே யாராவது சல்லிசாகத் தருகிறேன் என்றால் எனக்கு முதலில் வயிறு கலங்கும்.

மாமா விடவில்லை. மதுரையிலேயே ஆயில் சீல் செய்கிறார்கள், பெல்ட் செய்கிறார்கள், உலகத்துக்கே ஏற்றுமதி போகிறது, உன் ரப்பர் வளையத்துக்கு என்ன கிரீடமா என்றார். அவருக்கு ஒரு கதை சொன்னேன். முன்பு நான் இருந்த ஓர் இடத்தில், பிரேக் எண்ணெய் தீர்ந்த அவசரத்தில் யாரோ ஒரு புண்ணியவான் கார் பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டான். சின்ன செஸ்னாவின் பிரேக்கிலும் ஸ்ட்ரட்டிலும் ஓடுவது 5606 என்கிற சிவப்பு மினரல் எண்ணெய், அதற்கேற்ற நைட்ரைல் ரப்பர்தான் உள்ளே இருக்கும். கார் பிரேக் ஆயில் கிளைகால் என்கிற வேறு ரசாயன வகை, அது பட்டால் இந்த ரப்பர் ஊறிப் பெருத்துவிடும். மறுநாள் பிரேக் பிடித்த இடத்திலேயே நின்றது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து காலிப்பர் வரை எல்லா ஓ-ரிங்கையும் மாற்றி, லைனைக் கழுவி, மூன்று நாள். நூறு ரூபாய் ஆயிலால். மாமா அதற்கு மட்டும் தலையாட்டினார், அவர் பட்டறையிலும் யாரோ கம்ப்ரஸரில் தப்பு எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள் போல.

இணையத்தில் தேடினால் அமெரிக்கக்காரர்கள் ஆயிரம் வழி சொல்வார்கள், அதில் முக்கால்வாசி நமக்கு ஆகாது. அங்கே விமானத்தின் சொந்தக்காரரே தன் விமானத்துக்கு ஒரு பாகத்தைச் செய்துகொள்ள சட்டத்தில் இடம் இருக்கிறது. டிராயிங்கும் மெட்டீரியலும் சரியாக இருக்க வேண்டும், அவர் அந்த வேலையில் பங்கெடுத்திருக்க வேண்டும், விற்கக் கூடாது. கப்பலூர் மாமா செஸ்னாவின் ஊரான கான்சஸில் பிறந்திருந்தால் கோடீஸ்வரர். 1980-க்கு முன் டைப் சர்டிஃபிகேட், அதாவது வடிவமைப்புக்கான அரசு ஒப்புதல், வாங்கிய சின்ன விமானங்களுக்காக வார்மா என்று ஒரு திட்டமும் கொண்டுவந்தார்கள். ஆனால் அது, கெட்டுப்போனாலும் விமானம் பத்திரமாகப் பறந்து இறங்க முடிகிற பாகங்களுக்குத்தான். சக்கரமும் அதன் காலும் சேர்ந்த லேண்டிங் கியரை அதில் நுழைப்பது எங்கே? பழைய பாகத்தைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, நல்லாத்தான் இருக்கு என்று அங்குள்ள மெக்கானிக் மாட்டிவிட முடியும். என்னால் முடியாது. வி.டி. என்ற இந்தியப் பதிவு எழுத்து விமானத்தில் இருந்தால் பேப்பர் வேண்டும்.

ஒரு வகையில் நாங்கள் அதிர்ஷ்டசாலிகள். 150, 152 இரண்டும் சேர்த்து முப்பதாயிரத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள், அதில் எத்தனையோ உடைந்து பாகம் பாகமாகக் கிடக்கின்றன. சக்கரத்தை உள்ளே மடக்குகிற 172 ஆர்.ஜி. வைத்திருப்பவர்களை நினைத்தால்தான் பாவம். அது 1980-லிருந்து 1985 வரை, சுமார் 1,200 மட்டுமே. அதன் பின் சக்கரக் கால் மடங்குகிற மூட்டில் (மெயின் கியர் பிவட்) விரிசல் கண்டால் விமானத்தின் விலையையும் பாகத்தின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டி வரும். மடக்காத கால் இருக்கிற விமானத்தை வாங்குங்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்வேன், ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. மடக்கினால் அழகாக இருக்கிறதாம்.

அமெரிக்காவில் உடைந்த விமானங்களை வாங்கிப் பிரித்து விற்கிற யார்டுகள் இருக்கின்றன, சென்னைப் புதுப்பேட்டையை வானத்துக்கு மாற்றிய மாதிரி. அவர்களுக்கு விடியும்போது நமக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். தட்டைக் கையில் வைத்துக்கொண்டே மெயில் போடுவேன். இரண்டு வாரத்தில் ஒரு லிங்க் கிடைத்தது. இறக்கை நசுங்கிய ஒரு 152-லிருந்து கழற்றியது, நோஸ் கியர் தரையில் மோதவில்லை என்று படம் அனுப்பினார்கள். அதை அங்கேயே ஒரு ரிப்பேர் ஸ்டேஷனுக்கு அனுப்பி, விரிசல் சோதனை செய்து, புது புஷ் ஏற்றி, 8130-3 போடச் சொன்னேன். லிங்க்கின் விலையைவிட அந்தக் கையெழுத்துக்கு ஆன செலவு அதிகம். கூரியர், கஸ்டம்ஸ், ஏஜென்ட் எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய்க்குப் பக்கம் வந்தது. 2024 ஜூலையிலிருந்து இறக்குமதியாகிற விமான பாகங்களுக்கு ஐ.ஜி.எஸ்.டி. வரியை ஒரே சீராக 5 சதவீதம் என்று ஆக்கியது நல்ல விஷயம், அதற்கு முன்பு எந்தப் பாகத்துக்கு எவ்வளவு என்பதே பெரிய ஆராய்ச்சி.

பெட்டி வந்து சேர்ந்தது. பிரித்து, வாசனை பிடித்து (புது பிரைமர் வாசனை எனக்குப் பிடிக்கும்), பேப்பரைப் பார்த்தால் பார்ட் நம்பரில் கடைசி எண் தப்பு. பாகத்தின்மேல் பொறித்திருப்பது ஒன்று, ஃபார்மில் ஒன்று. டைப் அடித்தவர் விரல் பக்கத்துப் பொத்தானில் பட்டிருக்கிறது. லிங்க் கையில் இருக்கிறது, விமானம் அங்கே நிற்கிறது, ஸ்பானர் பையில். மாட்டவில்லை. முதலாளி போனில் பத்து வினாடி எதுவும் பேசவில்லை, அந்த மாதிரி மௌனத்தைத் திட்டை விட மோசமாக உணர்ந்திருக்கிறேன். திருத்திய ஃபார்ம் வர இன்னும் ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில்தான் அம்மா வேலையை விட்டுட்டியா என்று கேட்டது.

மாட்டுவதற்கு அரைநாள்கூட ஆகவில்லை. ஓ-ரிங் மாற்றி, எண்ணெய் நிரப்பி, காற்று ஏற்றி, வாலை அழுத்தி மூக்கைத் தூக்கிச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது. இன்ஸ்ட்ரக்டர் வந்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வேலை பாக்கி இருந்தது. கழித்துப் போட்ட பாகத்தை அப்படியே தூக்கி எறியக் கூடாது, எங்காவது சுற்றி இன்னொரு விமானத்தில் ஏறிவிடும். மறுபடி உபயோகப்படாதபடி சிதைக்க வேண்டும். விரிசல் விட்ட லிங்க்கை எடுத்துக்கொண்டு கப்பலூர் போனேன். மாமா வைஸில் இறுக்கி, ஹேக்ஸாவை எடுத்து, சரியாக விரிசலுக்குக் குறுக்கே அறுத்தார். நடுவில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இத அறுக்குறதுக்காவது பேப்பர் வேணாம்ல மாப்ளே?"

"வேணும் மாமா. ரெண்டு துண்டையும் சேத்து வைங்க, போட்டோ எடுத்து ரெக்கார்டுல ஒட்டணும்."