பச்சைக்கு நடுவில நீலம்

இண்டைக்கு கோர்ஸ் லேப்பில, நெட்வேர்க் கேபிள் நுனியில பூட்டுற ஆர்ஜே-45 கனெக்டர் மூண்டைக் கெடுத்துப்போட்டன்.

கேபிளின்ர தோலைச் சீவினா உள்ளுக்கு நாலு சோடியா 8 வயர். பச்சைச் சோடியைப் பிரிச்சு, நடுவில நீலச் சோடியை நுழைக்கவேணும். அங்கதான் ஒவ்வொருக்காவும் பிழைச்சுது.

(ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பிழைவிட்டா டெஸ்டரில 1இலயிருந்து 8 வரைக்கும் லைற் ஒழுங்கா எரியும். லைன் மட்டும் மெதுவா இழுபடும். அது இன்னும் மோசம்.)

ஏஎல் சோதினை சரிவராத பிள்ளையள்தான் இப்பிடிக் கோர்ஸுக்குப் போறது எண்டு சொந்தத்துக்க ஒரு கதை ஓடுது. அவையள் ஒருக்கா இந்த 8 வயரையும் பிடிச்சுப் பாக்கட்டும். நிற வரிசையை ஒரு இரவில பாடமாக்கலாம், விரல் சொல்வழி கேக்கவேணுமே.

பின்னேரம் உப்புவெளிக் கரையில அப்பா வலை பொத்திக்கொண்டிருந்தார். மிச்சத் துண்டைக் குடுத்து வரிசையைச் சொன்னன். பெருவிரலால ஒருக்காத் தடவினார். எட்டும் தட்டையாப் படுத்திட்டுது. ஒரே வெட்டு, ஒரே தள்ளு.

"இதுக்கோ மகன் காலமை பஸ் ஏறிப் போறாய்?"

பிறகு கேபிளை இழுத்துப் பாத்தார். "நல்ல உரமா இருக்கு. தோணி கட்ட ரெண்டு பாக நீளம் கொண்டுவா."