சம்மருக்கு வெளிய போற ஓர்கிட்டும் அதோட உள்ள வாற பூச்சியளும்

இப்ப நான் கிளிநொச்சியில அம்மா வீட்டில நிக்கிறன். ஓகஸ்ட் வெயில், கச்சான் காத்து புழுதியை அள்ளி முகத்தில எறியுது, ஆனா இஞ்ச எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கிறதுக்குக் காரணம் வேற. கனடாவில, ஸ்காபரோவில எங்கட டெக்கில இருக்கிற ஓர்கிட் சாடியளைத் தூக்கி இலைக்கு அடிப்பக்கம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி இவருக்கு வட்ஸப்பில நான் குடுக்கிற கரைச்சலைத்தான் வீடே கேட்டுக்கொண்டு இருக்கு. "ஏன் மச்சாள், பூவைப் படம் எடுக்கிற ஆக்களைத்தான் கண்டிருக்கிறன், நீங்கள் இலைக்குக் கீழ என்னத்தைத் தேடுறியள்" எண்டு மச்சாள் கேட்டா. அவாவுக்கு விளங்கப்படுத்த வெளிக்கிட்டது நீண்டு போச்சு, அங்க புதுசா வந்து ஓர்கிட் வாங்கி வைச்சிருக்கிற எங்கட ஆக்களுக்கும் உதவும் எண்டு எழுதுறன்.

வன்னியில ஆர் காசு குடுத்துப் பூக்கண்டு வாங்கினது? பக்கத்து வளவு வேலியில ஒரு தடியை முறிச்சுக்கொண்டு வந்து ஊண்டினா முளைக்கும். கனடாவுக்குப் போய் பேஸ்மெண்டில இருந்த காலத்தில ஜன்னல் கூட நிலத்தோட ஒட்டித்தான் இருந்தது, ஒரு பச்சை இலையைக் காணாமல் ஆறு மாசம் போகும். அப்பதான் சாமான் வாங்கப் போற கடையில பூ கொட்டின ஓர்கிட்டை அரை விலைக்கும் குறைச்சு ஒரு மூலையில போட்டிருந்ததைக் கண்டன். அதுகளில அனேகம் பெலனோப்சிஸ். எங்கட பக்கத்துச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் பழகின சாதி, அங்கத்தைய விண்டரில ஹீற்றர் காத்துக்குள்ள காய்ஞ்சு சுருண்டு கிடக்கும். சம்மரில வெளிய வைச்சா மழைத்தண்ணியும் காத்தும் பட்டு ஆளே மாறிப்போகும், கடைசியில வாற குளிர் ராத்திரியள்தான் அடுத்த பூத்தண்டையும் வெளிய தள்ளும். அதாலதான் இவ்வளவு பாடு.

வெளிய வைக்கிற காலம் அங்க மே கடைசி, ஜூன் தொடக்கம், ராத்திரிச் சூடு 13, 15 பாகைக்குக் கீழ இறங்காது எண்டு நிச்சயமான பிறகு. முதல் கிழமை நிழலுக்குள்ளதான், நேர வெயிலில வைச்சா ஒரே நாளில இலை வெந்து வெள்ளைப் பொட்டு விழும், அது பிறகு மாறாது.

வெளிய வைச்சா பூச்சி கூடிப்போகும் எண்டுதான் எல்லாரும் பயப்பிடுகினம். என்ர கதை அதுக்கு மறுவளம். வெளிய மழை அடிக்குது, காத்து அடிக்குது, பொறிவண்டு வருது, பச்சைக் கண்ணாடிச் செட்டையோட ஒரு மெல்லிய பூச்சி வந்து முட்டை போட்டு அதின்ர குஞ்சு, சாறு உறிஞ்சிற சின்னப் பூச்சியான அழுக்கணவனைத் தேடித் தேடித் தின்னுது. ஆக, வெளியில பூச்சி இருந்தாலும் ஒரு கட்டுக்குள்ளதான் இருக்கும். செப்டெம்பரில அதே சாடியை உள்ள கொண்டு வந்து ஹீற்றரைப் போட்டா, மழையும் இல்லை, தின்ன ஆளும் இல்லை, சூடும் வறட்சியும் மட்டும்தான். அங்கதான் ரெண்டு பூச்சி இருநூறு ஆகிறது. சம்மர் முழுக்க நாங்கள் செய்யிற வேலை எல்லாம் அந்த ஒரு நாளுக்குத்தான்.

பெரியப்பா இதைக் கேட்டிட்டு "மெசினைத் தோளில போட்டு ஒருக்கா மருந்தடிச்சா முடிஞ்சுது, இதுக்கு ஏன் பிள்ளை இவ்வளவு கதை" எண்டார். அவருக்கு வயலும் மிளகாய்த் தோட்டமும் பழக்கம். ஸ்காபரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில 2009 ஏப்ரல் 22 இல இருந்து வீட்டுத் தோட்டத்துக்கு அழகுக்காக அடிக்கிற கனக்கப் பூச்சிமருந்துக்குத் தடை. மிஞ்சினது பூச்சிக்கெண்டு செய்த சவர்க்காரக் கரைசல், தோட்ட எண்ணெய், அப்பிடிச் சாதுவான சாமான்கள்தான். சரி வேப்பெண்ணெய் இருக்குத்தானே எண்டு அம்மா கேட்டா, முத்தத்தில வேம்பு நிக்கிற வீட்டுக்காரி அவா, கேக்கத்தான் செய்வா. ஆனா கனடாவில வேப்பெண்ணெயைப் பூச்சிமருந்து எண்டு பதிஞ்சு விக்கிறேல்லை, இலையை மினுக்கிறதுக்கெண்டு போத்தலில எழுதி விப்பாங்கள். பெரியப்பா கனநேரம் சிரிச்சார். எனக்குச் சிரிப்பும் வந்தது கோவமும் வந்தது.

மருந்து இல்லாட்டி கண்ணும் கையும்தான். வெள்ளை மாப் பூசின மாதிரி இருக்கிற மாப்பூச்சி எப்பவும் நாங்கள் பாக்காத இடத்திலதான் இருக்கும், இலையும் தண்டும் சேருற கக்கத்துக்குள்ள, காய்ஞ்ச பழைய உறைக்குக் கீழ, சிலவேளை வேருக்குள்ளயும். 70 வீத ரப்பிங் அல்கஹோலில இயர் பட்ஸை நனைச்சு அந்தக் கக்கத்துக்குள்ள மெதுவா விட்டுச் சுத்தினா வெள்ளை மெழுகு கரைஞ்சு உள்ள இருக்கிற இளஞ்சிவப்பு உடம்பு தெரியும், பட்ஸின்ர நுனியும் மெல்லிசா நிறம் மாறும். 99 வீதம் வாங்காதேங்கோ, கெதியா ஆவியாப் போயிடும், 70 கொஞ்சம் நிண்டு வேலை செய்யும். வெயிலுக்குள்ள செய்யக்கூடாது, பூவிலயும் பச்சை வேர் நுனியிலயும் படக்கூடாது, அடுப்புப் பக்கம் வைச்சுச் செய்யவே கூடாது.

செதில் பூச்சி அசையாது, அதால கனபேர் அதை இலையில இருக்கிற புள்ளி எண்டு விட்டிடுவினம். நகத்தால தட்டினா கழண்டு வந்தா அது பூச்சி, வராட்டி புள்ளி. ஓட்டுக்குக் கீழ இருக்கிற தாய்க்கு அல்கஹோலும் சவர்க்காரமும் லேசில ஏறாது, சுரண்டித்தான் எடுக்கவேணும், ஆனா இப்பதான் பொரிச்சு ஊருற குஞ்சுக்கு ஓடு இல்லை, அதுக்குச் சவர்க்காரக் கரைசல் காணும். முட்டை அல்கஹோலுக்கும் சவர்க்காரத்துக்கும் லேசில சாகாது. அதாலதான் ஏழு, பத்து நாளுக்கு ஒருக்கா திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லுறது, ஒருக்கால் செய்திட்டு விடுறதும் செய்யாமல் விடுறதும் ஒண்டுதான். பாத்திரம் கழுவுற லிக்விட்டைக் கலக்கிற ஆக்களும் இருக்கினம், அது உண்மையில சவர்க்காரமே இல்லை, இலையின்ர மெழுகை எடுத்துப்போடும்.

அம்மாவின்ர தென்னையளுக்கு இப்ப வெள்ளை ஈ. கீழ் ஓலையெல்லாம் கறுத்து அடுப்புக்கரி பூசின மாதிரிக் கிடக்கு. மச்சாள் அதைக் காட்டி "இது ஓலைக்கு வந்த வருத்தம்" எண்டா. அது ஓலையின்ர வருத்தம் இல்லை, ஈ சாறை உறிஞ்சிப்போட்டு விடுற இனிப்புத் தண்ணி கீழ விழுந்து அதில வளருற பூஞ்சணம், விரலால தேச்சா கழண்டு வரும். ஓர்கிட்டிலயும் இதே கதைதான், இலை பிசுபிசு எண்டா மேல எங்கயோ செதிலோ மாப்பூச்சியோ இருக்கு, எறும்பு வரிசை போட்டா அது பூச்சியை மேய்க்க வந்திருக்கு. ஆனா ஒண்டு, பூத்தண்டில கண்ணாடித் துளி போல ஒண்டு ரெண்டு இனிப்புத் துளி நிக்கிறது ஓர்கிட் தானா விடுறது, அதுக்குப் பதறத் தேவையில்லை.

சிற்றுண்ணிதான் (ஸ்பைடர் மைற்) எனக்குப் பொல்லாத எதிரி. கண்ணுக்கு லேசில தெரியாது. வெள்ளை டிஷ்யூவால இலைக்கு அடிப்பக்கம் துடைச்சுப் பாருங்கோ, செம்மண் நிறத்தில கோடு விழுந்தா இருக்கு எண்டு அர்த்தம். நல்ல சூட்டில முட்டை முழுப்பூச்சியாக ஒரு கிழமை போதும். மழை இல்லாத ஜூலையில அடிப்பக்கத்துக்கு ஹோசால தண்ணி அடிக்கிறதே பாதி வைத்தியம், காலமை அடிச்சா பின்னேரத்துக்குள்ள குருத்துக் காய்ஞ்சிடும், பெலனோப்சிஸ் குருத்துக்குள்ள ராத்திரித் தண்ணி நிண்டா அழுகிப்போகும். எண்ணெய் ஸ்பிரே 30 பாகை தாண்டின நாளில வேண்டாம்.

பூ இருந்தா பனிப்பூச்சியும் (த்ரிப்ஸ்) அழுக்கணவனும் மொட்டுக்கு வரும், கன கதை இல்லை, தண்ணி அடிச்சுக் கழுவிவிட்டா அனேகம் குறையும். ஓடில்லாத நத்தை அப்பிடி இல்லை. ராத்திரி வந்து புது வேரின்ர பச்சை நுனியைக் கடிச்சுப்போட்டுப் போயிடும், விடிய வெள்ளிக் கோடுதான் மிச்சம். டோர்ச்சை அடிச்சுப் பிடிக்கலாம், சாடியை நிலத்தில வைக்காமல் கம்பித் தட்டில வைக்கலாம், இரும்பு பொஸ்பேற் குறுணை தூவலாம், அதுக்கு அங்க அனுமதி இருக்கு. ரக்கூன் எண்ட மிருகம் வந்து சாடிக்குள்ள கிடக்கிற மரப்பட்டையைக் கிண்டி எறியிறது பற்றி நான் எழுதப் போறதில்லை, இஞ்ச குரங்கு படுத்துற பாட்டைப் பாத்த பிறகு அதுகள் நல்ல பிள்ளையள்.

அம்மா வளவுக்குப் பின்னால நிக்கிற பாலை மரத்தில வண்டா எண்ட காட்டு ஓர்கிட் ஒண்டு ஒட்டியிருக்கு. மஞ்சளும் மண்ணிறமும் கலந்து வலை பின்னின இதழ், நடுவில ஊதா நாக்கு, கிட்டப் போனா வாசம். ஒருத்தரும் தண்ணி விடுறதில்லை, மருந்தும் இல்லை, பட்டையில எறும்பு ஓடுது, காத்துக்கு ஆடுது. "ஒரு துண்டை வெட்டி ஈரத்துணியில சுத்தி சூட்கேசுக்குள்ள வை பிள்ளை" எண்டு அம்மா சொல்லுறா. ஓர்கிட் இனம் முழுக்க, காட்டுச் செடியளையும் மிருகங்களையும் நாடு விட்டு நாடு விக்கிறதைக் கட்டுப்படுத்திற சைற்றீஸ் ஒப்பந்தத்துக்குள்ள வருது, பெமிற்றும் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் எல்லை தாண்டேலாது, மரத்தில இருந்து வெட்டுறதும் சரியில்லை. அதைவிட அந்தப் பட்டையோட என்னென்ன செதில் வரும் எண்டு ஆருக்குத் தெரியும்? அம்மாவுக்கு முகம் சுருங்கிப்போச்சு, என்ன செய்யிறது.

நான் திரும்பிப் போக செப்டெம்பர் ஆகும், அதுக்குள்ள ராத்திரி குளிர்ந்தாலும் எண்டு இவருக்கு வொய்ஸ் நோட்டில எல்லாம் சொல்லி வைச்சிட்டன். 13 பாகை எண்டு ரேடியோ சொன்னா காத்திருக்காமல் சாடியளை உள்ள எடுக்க வெளிக்கிடவேணும். ஒவ்வொரு சாடியையும் வாளித் தண்ணிக்குள்ள விளிம்பு மூடக் கொஞ்ச நேரம் வைச்சா எறும்பும் நத்தையும் மேல ஏறி வரும். காய்ஞ்ச உறையை உரிக்கவேணும், இலை ரெண்டு பக்கமும் துடைக்கவேணும், சவர்க்காரக் கரைசல் அடிக்கவேணும், பிறகு உள்ள இருக்கிற மற்றக் கண்டுகளோட சேர்க்காமல் ரெண்டு மூண்டு கிழமை தனிய மேல் பாத்ரூமில வைச்சிருக்கவேணும். "அப்ப நாங்கள் எங்கயப்பா குளிக்கிறது" எண்டு கேட்டு அனுப்பியிருக்கிறார். கீழ பேஸ்மெண்டில ஒண்டு இருக்குத்தானே எண்டு எழுதினன், நீல ரிக் விழுந்திட்டுது, பதிலைக் காணேல்லை.