பல்லாவரத்துக் கம்பிவலை அலமாரி

24 ஜனவரி 2025, வெள்ளி

காலை ஏழு மணிக்கே பல்லாவரம் சந்தைக்குப் போய்விட்டேன். வெயில் ஏறிவிட்டால் பழைய டிரங்க் ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. நல்ல மரச்சாமானும் தங்காது. கட்டில், தையல் மெஷின், மிக்ஸி மோட்டார், ரோஜாச் செடி எல்லாம் ஒரே வரிசையில். பொங்கல் கழிந்த வாரங்களில் வந்தால் எனக்கு எப்போதும் ஏதாவது கிடைக்கும். போகிக்கு வீடு ஒழித்தவர்கள் கொளுத்த மனம் வராமல் கொடுத்துவிட்டவையாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இன்று கிடைத்தது ஒரு கம்பிவலை அலமாரி. நெஞ்சு உயரம், இரண்டு கதவு, மூன்று தட்டு, நான்கு கால். ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில் பாலும் தயிரும் மீந்த குழம்பும் இதில்தான் இருக்கும். ஈயும் பூனையும் நுழையாது, காற்று மட்டும் போய்வரும். எறும்பு ஏறாமலிருக்கக் கால்களுக்கு அடியில் தண்ணீர் ஊற்றிய கிண்ணம் வைப்பார்கள். இதன் கால் நுனி நான்கும் ஒரே உயரத்துக்குக் கறுத்துக் கிடந்தன. கிண்ணத்தில் நின்ற அலமாரிதான். பார்த்தவுடனே வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆனாலும் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. ஆணி நுனியால் கால்களையும் பின்பலகையின் அடி ஓரத்தையும் குத்திப் பார்த்தேன். உள்ளே இறங்கினால் மரம் உளுத்துவிட்டது என்று அர்த்தம். விரல் முட்டியால் தட்டினேன். பொத்தென்று சத்தம் வந்தால் கறையான் உள்ளே காலி செய்திருக்கும். ஒரு தட்டில் மட்டும் குண்டூசித் துளைகள் இருந்தன. கீழே வெள்ளைத் துணி விரித்து அந்தத் தட்டைத் தட்டியதில் மாவு எதுவும் கொட்டவில்லை. புது மாவு கொட்டினால் பூச்சி உயிரோடு இருக்கிறது, அதை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது.

2,800 சொன்னார், 1,900-க்குத் தந்தார். கூடவே ஒரு பழைய போட்டோ ஃபிரேம், 60 ரூபாய். மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றிக் குரோம்பேட்டை வந்து சேர 400.

26 ஜனவரி, ஞாயிறு

கழுவினேன். இன்று முழுக்க இதுதான்.

சமையலறைச் சாமானில் எண்ணெய்ப் பிசுக்கும் புகையும் சேர்ந்து ஒரு தோல் மாதிரி படிந்திருக்கும். அதோடு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பிசுக்கு மரத்துக்குள் இறங்கிவிடும், அப்புறம் எந்தப் பெயின்ட்டும் அங்கே ஒட்டாது. அதனால் முதலில் கழுவல், பிறகுதான் தேய்ப்பு. வெந்நீரில் சலவைச் சோடா கரைத்து, துணியை நன்றாகப் பிழிந்து, கையில் ரப்பர் உறை போட்டுக்கொண்டு துடைத்தேன். நான்கு வாளித் தண்ணீர் தேநீர் நிறத்தில் போனது. கடைசியில் இரண்டு முறை வெறும் தண்ணீர். மாடிப்படி அடியில் நிழலில் நிறுத்தியிருக்கிறேன். வெயிலில் வைத்தால் பலகை வளையும்.

29 ஜனவரி, புதன்

கதவைக் கழற்றினேன். திருகாணித் தலையிலுள்ள கோட்டில் பெயின்ட் அடைந்திருந்தது. அதைச் சுரண்டாமல் திருப்புளி வைத்துத் திருகினால் தலை நசுங்கிவிடும். ஊசி முனையால் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து எடுத்தேன். பதினாறில் பதினைந்து வந்தன.

கீலை எடுத்ததும் அடியில் பச்சை! மேலே இருப்பது பிரவுன், அதற்கடியில் சாம்பல், கீலுக்கடியில் மட்டும் ஒரு வெளிர் பச்சை, மாங்காய்ப் பிஞ்சின் தோல் மாதிரி. அடுத்தடுத்து அடித்தவர்கள் யாரும் கீலைக் கழற்றாததால் அந்த முதல் நிறம் அங்கே அப்படியே தப்பியிருக்கிறது. மூன்று முறை யாரோ இதற்குப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். வேண்டாம் என்று நினைத்திருந்தால் ஒருமுறைகூட அடித்திருக்க மாட்டார்கள்.

தெருமுனையில் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் சாயங்காலம் வந்தார். காலின் உட்புறத்தை உளியால் கொஞ்சம் சீவி, மோந்து பார்த்து, "தேக்கும்மா" என்றார். பக்கப் பலகைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது அப்புறமா மாத்துனது, பிளைவுட்." என்னிடம் ஒரே கோரிக்கை வைத்தார்: "தேக்குக்கு யாராச்சும் பெயின்ட் அடிப்பாங்களாம்மா? எல்லாத்தையும் சுரண்டி எடுத்துட்டு பாலிஷ் போடுங்க."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பர்மா தேக்குக் கதவுகளைத் தடவிப் பார்த்திருக்கிறேன். அந்த மரத்தைப் பெயின்ட்டால் மூட எனக்கும் கை வராது. இரவு தூக்கம் வரும்வரை இதே யோசனை.

1 பிப்ரவரி, சனி

முடிவு செய்துவிட்டேன். சுரண்டப் போவதில்லை. காரணம் ஈயம்.

வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதியை நம் நாட்டில் 2016-இல்தான் கொண்டுவந்தார்கள். 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எண்ணெய்ப் பெயின்ட்டில், அதிலும் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை நிறங்களில், ஈயம் கலந்த நிறமிகள் சர்வ சாதாரணம். இந்த அலமாரியின் பச்சை அதைவிட எவ்வளவோ பழையது. ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்வதுதான் சரி. மூன்று அடுக்கையும் உலர்வாகத் தேய்த்து எடுத்தால் அந்தத் தூசி முழுக்க வீட்டில்தான் படியும். தீயில் வாட்டிச் சுரண்டுவது அதைவிட மோசம், புகையாக மூச்சில் போகும். வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறாள். தரையில் உட்கார்ந்து விளையாடி, அதே கையை வாயில் வைப்பாள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தேக்கின் அழகு எதற்கும் இதில் இடமில்லை.

பழைய பெயின்ட் மரத்தை உறுதியாகப் பிடித்திருந்தால் அதன் மேலேயே நல்ல பெயின்ட் அடித்து உள்ளே அடைத்துவிடலாம். பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் கீறி, மேலே செலோ டேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று பிய்க்க வேண்டும். ஐந்து இடத்தில் செய்தேன். டேப்பில் ஒரு செதில்கூட வரவில்லை. அடித்தவர் கை அப்படி!

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "குழந்தை இருக்குற வீடு. சரிதாம்மா" என்றார்.

2 பிப்ரவரி, ஞாயிறு

குழந்தையை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு மேற்பரப்பை மட்டும் சொரசொரப்பாக்கினேன். 220 எண் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்), பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர், முகத்தில் மாஸ்க். ஈரத்தில் தேய்த்தால் தூசி பறக்காது, குழம்பாகத்தான் வரும். அதைத் துணியால் வழித்து வழித்து ஒரு பையில் போட்டுக் கட்டினேன். தண்ணீரைச் செடிக்கு ஊற்றவில்லை. பளபளப்பு போய் மங்கினால் போதும். அடுத்த அடுக்கு தெரிகிற அளவுக்குப் போகக் கூடாது.

கீல்களை இனிச் சமையலுக்கு எடுக்காத ஒரு பழைய பாத்திரத்தில் சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்தேன். பெயின்ட் தோலாக உரிந்து வந்தது. உள்ளே பித்தளை! பெயின்ட் சுத்தமாகப் போனதும் புளி போட்டுத் தேய்த்தேன். கீல்கள் எல்லாம் மஞ்சளாகிவிட்டன. இவற்றுக்கு இனி யாரும் பெயின்ட் அடிக்க வேண்டாம்.

5 பிப்ரவரி, புதன்

குண்டூசித் துளைகளில் கறையான் மருந்தை ஊசியால் ஏற்றி இரண்டு நாள் விட்டிருந்தேன். இன்று மக்கு, அதாவது துளை அடைக்கும் பசை, வைத்தேன். கடை மக்கு இருந்தும், அண்ணன் தன் பட்டறையில் பிசைந்ததைக் கொண்டுவந்து கொடுத்தார்: சாக் பவுடரும் ஆளிவிதை எண்ணெயும், சப்பாத்தி மாவு பதத்தில். காய நாளாகும், ஆனால் விரிசல் விடாது. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. காயும்போது சூடாகித் தானே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போட வேண்டும். இதை யாருக்குச் சொன்னாலும் முதலில் நம்ப மாட்டார்கள், அதனால் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

9 பிப்ரவரி, ஞாயிறு

பிரைமர், அதாவது பெயின்ட்டுக்கு அடியில் அடிக்கும் முதல் பூச்சு. நம் ஊர் மரப் பிரைமர் இளஞ்சிவப்பு நிறத்தில் வரும். அடித்து முடித்ததும் அலமாரி கோன் ஐஸ் மாதிரி ஆகிவிட்டது. திரும்பி வந்திருந்த குழந்தைக்கு இதுவே போதுமாம், மேலே எதுவும் அடிக்கக் கூடாதாம். காலையில் பனி இருக்கிறது, பத்து மணிக்கு மேல்தான் தொடங்கினேன்.

பச்சை இருந்த கீல் இடத்தை மட்டும் டேப் ஒட்டி விட்டுவைத்தேன். பெயின்ட் கடைக்கு ஒரு கதவையே தூக்கிக்கொண்டு போய், அந்தப் பச்சையைக் காட்டி, மெஷினில் கலக்கச் சொன்னேன். முதல் முறை நீலம் கூடிவிட்டது. இரண்டாவது சரியாக வந்தது. சாட்டின் எனாமல் (அதிகம் பளபளக்காத எண்ணெய்ப் பெயின்ட்), ஒரு லிட்டர்.

11 பிப்ரவரி, செவ்வாய்

தைப்பூச விடுமுறை. முதல் கோட் நேற்று இரவு அடித்தேன், இன்று இரண்டாவது. இங்கேதான் தவறு நடந்தது.

எனாமலை இளக்கக் கலக்கும் டர்பன்டைன் தீர்ந்திருந்தது. பக்கத்தில் திறந்திருந்த ஒரு கடையில் கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதாங்க" என்று ஒரு பாட்டில் தந்தார். லேபிளைப் படிக்காமல் எனாமலில் ஊற்றிக் கலக்கிவிட்டேன். இடது பக்கப் பலகையில் அடித்து ஐந்து நிமிடம் இருக்கும். பால் ஆறும்போது மேலே ஆடை சுருங்குமே, அதே மாதிரி பெயின்ட் சுருங்கி எழுந்தது. பாட்டிலை எடுத்துப் பார்த்தேன்: என்.சி. தின்னர். லாக்கர் என்ற சீக்கிரம் காயும் பூச்சுக்கு உள்ள காட்டமான தின்னர் அது. முழுதாக இறுகாத எனாமலின் மேல் பட்டால் கீழ் அடுக்கையே ஊறவைத்துத் தூக்கிவிடும்.

அழுகை வந்தது. ஈரமாக இருக்கும்போது தொட்டால் இன்னும் கெடும் என்று தெரியும், அதனால் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். மற்ற மூன்று பக்கங்கள் தப்பித்தன.

13 பிப்ரவரி, வியாழன்

போட்டோ ஃபிரேமை எடுத்தேன், கை சும்மா இருக்கக் கூடாதென்று. இங்கிலாந்தில் ஆனி ஸ்லோன் 1990-இல் உருவாக்கிய சாக் பெயின்ட் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். மாவு பூசியது போன்ற மங்கல், தேய்ப்பே அவ்வளவாகத் தேவைப்படாது. அதே போன்ற ஒன்றை மீந்த சுவர் எமல்ஷனில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலந்து செய்துகொள்கிறேன். பிளாஸ்டரை முதலில் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட வேண்டும், சீக்கிரம் இறுகும் என்பதால் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். ஃபிரேம் வெள்ளையாகி, ஓரச் செதுக்கலில் மட்டும் மரம் எட்டிப் பார்க்கிறது. ஃபிரேமுக்கு இது அழகு. சமையலறைச் சாமானுக்கு நான் அடிக்க மாட்டேன். கறை இழுக்கும், மேலே மெழுகு பூசிக்கொண்டே இருக்க வேண்டும்.

16 பிப்ரவரி, ஞாயிறு

சுருங்கிய பலகை ஐந்து நாளில் நன்றாகக் காய்ந்திருந்தது. மழுங்கிய உளியால் சுருக்கங்களைச் சீவி, ஈரத்தில் தேய்த்து, அந்தப் பலகைக்கு மட்டும் மறுபடி பிரைமர். நல்லவேளை, அது புது பிளைவுட் பக்கம். அடியில் பழைய பச்சை இல்லை.

23 பிப்ரவரி, ஞாயிறு

கடைசி கோட் போன சனிக்கிழமை... இல்லை, புதன்கிழமை இரவு அடித்தது. மெல்லிய கோட், தூரிகையை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு, திரும்பத் தொடுவதில்லை. இன்று துருப்பிடித்த பழைய வலைக்குப் பதில் அலுமினிய வலை. அடி கணக்கில் வெட்டி வாங்கியது. நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்துப் பிடித்து, மேலே ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) வைத்துச் சின்ன ஆணி அடித்தோம். அண்ணன் வலையைச் சுண்டிப் பார்த்தார், தொய்வில்லை.

கதவை மாட்டினாலும் மூட விடவில்லை. எனாமல் தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரே நாளில் வரும். உள்ளே இறுக வாரக்கணக்கில் ஆகும். இப்போதே மூடினால் கதவும் சட்டமும் ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது பெயின்ட் பிய்ந்து வரும். இடையில் இரண்டு தீப்பெட்டி சொருகிவைத்திருக்கிறேன்.

கால்களின் அடி நுனியைக் கடைசியில் அண்ணன் பார்த்துக்கொண்டார். அந்தக் கறுத்த இடத்தில் பழைய பெயின்ட் எப்போதோ தண்ணீரில் உரிந்து போயிருந்தது, வெறும் தேக்குதான். அதற்கு மட்டும் எண்ணெய் பூசட்டுமா என்று கேட்டார். பூசச் சொன்னேன்.

9 மார்ச், ஞாயிறு

தீப்பெட்டிகளை எடுத்தேன். கதவு ஓரங்களில் மெழுகுவத்தி தேய்த்துவிட்டு மூடினேன். ஒட்டவில்லை.

அம்மா வந்திருந்தாள். சுற்றிச் சுற்றி வந்து, கதவை நான்கைந்து முறை திறந்து மூடினாள். பித்தளைக் கீலை விரலால் தடவினாள். "எங்க வீட்ல இருந்ததும் பச்சைதான்" என்றாள். இது எனக்கு இதுவரை தெரியாது. அப்புறம் சமையலறைக்குப் போய் நான்கு எவர்சில்வர் கிண்ணம் எடுத்துவந்து, ஒரு பக்கம் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள்.