வசனம் இல்லாத வேஷம்

மலர்க் குழுத் தம்பி ஒருவர் போன் எடுத்து, "அண்ணை, பள்ளிக்கூடம் உங்களுக்குத் தந்தது என்னவென்று ஒரு கட்டுரை எழுதித் தாங்கோ" என்றார். கிரிக்கெட் மட்சுகளையும் அதிபரின் பிரம்பையும் பற்றி எழுத என்னைவிட நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் தந்தது ஒரு நாடக வேஷம். அதுவும் வாயே திறக்காத வேஷம்.

எட்டாம் வகுப்பில் இருந்தோம். பரிசளிப்பு விழாவுக்கு நல்ல சமாரியன் கதையை நாடகமாகப் போடுவதென்று வேதபாட மாஸ்டர் முடிவெடுத்தார். இயேசு சொன்ன கதை அது: கள்ளர் அடித்துப்போட்ட ஒருவனைக் கோயில் ஊழியரான ஆசாரியனும் லேவியனும் கண்டும் விலகிப்போக, சமாரியன் ஒருவன் அவனைச் சத்திரத்தில் சேர்க்கிறான். லூக்கா 10ஆம் அதிகாரம், 30 முதல் 35 வரை. கதை முழுக்க ஆறே வசனங்கள். கள்ளர் வேஷத்துக்கு அடிபிடி நடந்தது. ஆசாரியனும் லேவியனும் யாருக்கும் வேண்டாம். தாடி ஒட்டலாம் என்று மாஸ்டர் சொன்ன பிறகுதான் இரண்டு கைகள் உயர்ந்தன. காயப்பட்டவனாக நடிக்க வந்தவன் எங்கள் வகுப்பின் பெரிய சோம்பேறி. படுத்துக் கிடந்தால் போதும் என்பதை அவன் உடனே கண்டுபிடித்துவிட்டான். எல்லாம் பங்கிட்டு முடிந்தபின் மாஸ்டர் என்னைப் பார்த்து, "நீ சத்திரத்தான்" என்றார்.

வீட்டுக்குப் போய் வேதப்புத்தகத்தில் என் வசனத்தைத் தேடினேன். சமாரியன் இரண்டு பணத்தை எடுத்துக் கொடுக்கிறான். "நீ இவனை விசாரித்துக்கொள்" என்கிறான். அதிகமாய்ச் செலவழித்தால் திரும்பிவரும்போது தருவேன் என்கிறான். சத்திரத்தான் சரி என்றும் சொல்லவில்லை, ஏலாது என்றும் சொல்லவில்லை. ஆறு வசனத்தில் எனக்கு ஒரு வசனமும் இல்லை.

ஒத்திகையில் இன்னொரு சிக்கல் வந்தது. பழைய மொழிபெயர்ப்பில் சமாரியன் அவனைத் "தன் சுயவாகனத்தின்மேல் ஏற்றி"க் கொண்டுபோகிறான். சுயவாகனம் என்றால் சொந்தக் கார் என்று ஒருவன், சைக்கிள் என்று இன்னொருவன். இரண்டு பேர் போர்வைக்குள் குனிந்து கழுதையாவது என்று கடைசியில் தீர்ந்தது. அந்தக் கழுதையின் பின்பாதிக்குக்கூட "ங்ஙே" என்று கத்தும் உரிமை இருந்தது. நான் போய் மாஸ்டரிடம் முறையிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "தம்பி, யோசித்துப் பார். கள்ளர் அடித்துப்போட்டுப் போய்விடுவார்கள். ஆசாரியனும் லேவியனும் விலகிப் போய்விடுவார்கள். சமாரியனும் அடுத்த நாள் போய்விடுவான், அவனுக்குப் பயணம் இருக்கிறது. அந்தக் காயக்காரனோடு மிஞ்சி நிற்கப்போகிறவன் நீ ஒருவன்தான். உனக்குத்தான் வேலை கூட" என்றார்.

அப்போது இது சமாதானம் சொல்லும் பேச்சாகத்தான் பட்டது. வகுப்பில் பாதிப்பேர் கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகள். சமாரியனாக நடித்தவனும் அவர்களில் ஒருவன். அதை மாஸ்டர் வேண்டுமென்றே செய்தாரா என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. யூதர்கள் சமாரியரோடு சம்பந்தம் கலவாதவர்கள் என்று யோவான் 4ஆம் அதிகாரத்தில் படித்தபோதுதான் சந்தேகம் வந்தது.

எங்கள் மண்டபச் சுவரில் மத்தேயு 28ஆம் அதிகாரத்து வசனம் எழுதியிருந்தது: "நீங்கள் புறப்பட்டுப்போய், சகல ஜாதிகளையும் சீஷராக்கி". நாள்தோறும் அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, மிஷன் என்றால் புறப்பட்டுப் போவது. கப்பல், காடு, அந்நிய பாஷை, தொப்பி போட்ட மிஷனரி. பத்தாம் வகுப்பில் எனக்கும் அந்தக் காய்ச்சல் பிடித்தது. ஊழியத்துக்குப் போகிறேன் என்று நின்றேன். வீட்டிலோ அப்பா படுக்கையில், எனக்குக் கீழே மூன்று பேர். மாஸ்டரிடம் போனேன், அவர் என் பக்கம் பேசி அம்மாவைச் சம்மதிக்க வைப்பார் என்று.

அவர் மாற்கு 5ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். கல்லறைகளில் குடியிருந்தவன், சங்கிலிகளை முறித்தவன், லேகியோன் என்னும் பிசாசுக் கூட்டம் பிடித்தவன். அவன் சுகமானதையும் ஏறக்குறைய இரண்டாயிரம் பன்றிகள் கடலில் பாய்ந்ததையும் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருந்தேன். மாஸ்டர் கேட்டது வேறு. "இதில் இயேசுவிடம் யார் யார் வேண்டிக்கொள்கிறார்கள் என்று எண்ணு."

எண்ணினேன். பிசாசுகள் பன்றிகளுக்குள் போக வேண்டிக்கொள்கின்றன. உத்தரவு கிடைக்கிறது. ஊரார் எங்கள் எல்லையை விட்டுப் போய்விடும் என்று வேண்டிக்கொள்கிறார்கள். அவரும் படவேறுகிறார். சுகமானவன், உம்மோடுகூட வருகிறேன் என்று வேண்டிக்கொள்கிறான். அவனுக்கு மட்டும் இல்லை என்று பதில். "நீ உன் இனத்தாரிடத்தில் உன் வீட்டிற்குப் போய்" உனக்குக் கர்த்தர் செய்ததை அறிவி என்கிறார்.

"நல்ல விண்ணப்பம் ஒன்றுதான் இருந்தது, அதைத்தான் மறுத்தார்" என்றார் மாஸ்டர். "பேதுருவை வலையை விட்டுவிட்டு வரச் சொன்னவர், இவனை வீட்டுக்குப் போகச் சொல்கிறார். இரண்டும் அனுப்புதல்தான்."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. மிச்சக் கதையைப் பிறகு நானாகத்தான் கண்டேன். அந்த மனுஷன் தெக்கப்போலி என்னும் பத்துப் பட்டணங்களின் நாட்டில் போய்ச் சொல்லத் தொடங்கினான் என்கிறது அடுத்த வசனம். இரண்டு அதிகாரம் தள்ளி, 7ஆம் அதிகாரத்தில், இயேசு மறுபடியும் தெக்கப்போலியின் எல்லைக்கு வருகிறார். இந்த முறை யாரும் போகச் சொல்லவில்லை. கொன்னைவாயுடைய செவிடன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். இடையில் என்ன நடந்தது என்று மாற்கு எழுதவில்லை. வீட்டுக்கு அனுப்பப்பட்டவன் அந்த நாட்டில் இருந்தான் என்பது மட்டும் நமக்குத் தெரியும்.

நானும் வீட்டில் இருந்தேன். அப்பாவை அடக்கம் செய்தோம், கீழே இருந்த மூவரும் படித்து முடித்தார்கள். அதன் பிறகு இந்த நாட்டுக்கு வந்தேன். வேலைக்கு, ஊழியத்துக்கு அல்ல. கிடைத்த வேலை ஒரு சிறிய தங்குவிடுதியில் இரவு நேர ரிசப்ஷன். சாவி கொடுப்பது, சாவி வாங்குவது, பதிவேட்டில் எழுதுவது. சேர்ந்து ஏழெட்டு மாதம் கழித்து ஓர் இரவு, கொட்டாவி விட்டுக்கொண்டு இருக்கும்போது சட்டென்று உறைத்தது: நான் சத்திரத்தான்! தனியே இருந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். அந்தப் பக்கம் வந்த வாடிக்கையாளர் ஒருவர் பயந்துபோய் லிஃப்டுக்குள் ஓடினார்.

அதன் பிறகுதான் அந்தக் கதையை வேலைக்காரனின் கண்ணால் படிக்கத் தொடங்கினேன். இரண்டு பணம் என்றால் என்ன? மத்தேயு 20இல் திராட்சத்தோட்டக்காரன் பேசும் கூலி நாளொன்றுக்கு ஒரு பணம். ஆகவே முன்பணம் இரண்டு நாள் கூலி. மிச்சத்துக்குச் சமாரியனுடைய வாய்வார்த்தைதான். அதுவும் யூதர்கள் முகங்கொடுத்துப் பேசாத ஓர் ஆளுடைய வார்த்தை. எங்கள் விடுதியாக இருந்தால் முதலாளி ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். சத்திரத்தான் கடனுக்கு நம்பினான் என்பதை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

ஆலயத்து வேதபாட வகுப்பில் போதகர் ஒரு விஷயம் சொன்னார். தமிழில் இரண்டு இடத்திலும் சத்திரம் என்றே படிக்கிறோம். பிள்ளை பிறந்தபோது "சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்த" லூக்கா 2இலும் சத்திரம், காயப்பட்டவனைக் கொண்டுபோன லூக்கா 10இலும் சத்திரம். கிரேக்கத்தில் இரண்டும் வேறு வேறு சொற்கள். முதலாவது விருந்தினர் தங்கும் அறை என்றும் பொருள்படும். இரண்டாவது 'பாண்டோக்கெயோன்', எல்லாரையும் ஏற்கும் இடம். புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் வருவது அந்த ஓர் இடத்தில் மட்டும்தான். அன்றிரவு வேலைக்குப் போனபோது எங்கள் கதவில் தொங்கிய "இடமில்லை" அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அதை அப்படியே விட்டுவிட்டேன், உண்மையாகவே இடமில்லை.

இன்னொன்று நானே கண்டது. லூக்கா 9ஆம் அதிகாரத்தில் சமாரியக் கிராமம் ஒன்று இயேசுவைத் தங்க விடவில்லை. வானத்திலிருந்து அக்கினி இறங்கும்படி கட்டளையிடட்டுமா என்று யாக்கோபும் யோவானும் துள்ளுகிறார்கள். அவர் அவர்களை அதட்டிவிட்டு வேறு கிராமத்துக்குப் போகிறார். அடுத்த அதிகாரத்தில் அவர் சொல்லும் கதையில், அந்நியன் ஒருவனுக்குத் தங்க இடம் பிடித்துக் கொடுப்பவன் ஒரு சமாரியன். தனக்குக் கதவடைத்தவர்களைப் பற்றி அவர் எப்படிக் கதை சொன்னார் பாருங்கள். எனக்கு யாராவது கதவடைத்தால் நான் சொல்லும் கதை வேறு மாதிரி இருக்கும்.

எட்டாம் வகுப்பில் கண்ணில் படாத சொல் ஒன்றும் இருக்கிறது. இயேசு இந்தக் கதையைச் சொன்னதே நியாயசாஸ்திரி ஒருவனுடைய கேள்விக்குப் பதிலாகத்தான். பழைய மொழிபெயர்ப்பில் அவன் கேட்பது, "எனக்குப் பிறன் யார்?" 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில், "எனக்கு அடுத்திருப்பவர் யார்?" பிறன் என்றால் நம் காதில் மற்றவன், வெளியாள். அடுத்திருப்பவர் என்றால் பக்கத்தில் நிற்பவர். ஒரே கிரேக்கச் சொல் தமிழில் இரண்டு எதிர்த் திசைகளில் போய் நிற்கிறது. பழையதே எனக்குப் பிடிக்கும் என்று அடம்பிடித்திருக்கிறேன். ஏனென்றால் இயேசு கேள்வியைத் திருப்பி, "இந்த மூன்றுபேரில் எவன் பிறனாயிருந்தான்?" என்று கேட்கும்போது, அந்த வெளியாளாக நானே ஆகவேண்டி வருகிறது. கடல் கடந்து வந்து இரவில் மேசைக்குப் பின்னால் நிற்பவனுக்கு அது புரியும்.

சரி, என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நள்ளிரவு, பக்கத்துக் கட்டடங்களில் துப்புரவு வேலை செய்யும் பெண் ஒருவர் ஒரு முதியவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். நெற்றியில் காயம், காலில் ஒரு சப்பாத்துதான். பெயரும் விலாசமும் அவருக்கு நினைவில் இல்லை. நான் முதலில் சொன்ன வார்த்தை: "அடையாள அட்டை இல்லாமல் அறை தர முடியாது." அந்தப் பெண் என்னோடு வாதாடவில்லை. மடித்த காசை மேசையில் வைத்தார். அடுத்த வேலைக்குப் பிந்துகிறது, மிச்சத்தைப் பிறகு தருகிறேன் என்றார். போய்விட்டார்.

நான் நடித்த காட்சி கண் முன்னால் வந்து நிற்கிறது, நானோ விதிப்புத்தகத்தைச் சொல்லிக்கொண்டு நிற்கிறேன். அறை கொடுக்கவில்லை, அது என் அதிகாரத்தில் இல்லை. மேசைக்குப் பின்னால் என் நாற்காலியில் உட்கார வைத்தேன். நெற்றியைத் துடைத்துக் கட்டினேன். ஆம்புலன்சுக்கும் போலீசுக்கும் போன் பண்ணினேன். அவர்கள் வரும்வரை அவர், "பஸ் வந்துவிட்டதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முதல் ஐந்து தடவை அன்பாகப் பதில் சொன்னேன். பிறகு எரிச்சல் வந்தது. பிறகு எரிச்சலும் களைத்துப்போய், "இன்னும் கொஞ்ச நேரத்தில் வரும் ஐயா" என்று தானாகவே வாயில் வந்தது. விடியுமுன் மகள் வந்து கூட்டிப்போனாள். அந்தத் துப்புரவுப் பெண் திரும்பி வரவில்லை. ஒரு காசும் செலவாகாத அந்தப் பணத்தை உறையில் போட்டு லாச்சியில் வைத்தேன். நான் வேலையை விட்ட நாளில், உறையை அடுத்த ஆளிடம் கொடுத்து விவரம் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

சாட்சிக் கூட்டம் ஒன்றில் ஒருவர் என்னிடம் எத்தனை ஆத்துமாக்களை ஆதாயப்படுத்தினீர்கள் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். கணக்குக் கேட்டதில் எனக்கு வருத்தம் இருந்தது, அவர் கேட்டதில் நியாயமும் இருந்தது. வீட்டுக்கு அனுப்பப்பட்ட அந்த மனுஷனுக்கு "அறிவி" என்றும் சொல்லப்பட்டது. கைவேலை போதும், வாய் எதற்கு என்று அந்தச் சொல்லை நான் வசதியாக மறந்துவிடுவேன். ஒரே ஒரு தடவை, கூட வேலை செய்த இளம்பிள்ளை, "குடித்துவிட்டு வந்து கத்துகிறவர்களிடம் எப்படிப் பொறுமையாகப் பேசுகிறீர்கள்?" என்று கேட்டான். கல்லறையில் இருந்தவனுடைய கதையைச் சொன்னேன். தடுமாறித்தான் சொன்னேன். பன்றிகள் பாவம் என்றான் அவன். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

மற்றபடி என் இரவுகளுக்கு லூக்கா 3 போதுமானதாக இருந்தது. யோவான் ஸ்நானன் வரி வசூலிக்கும் ஆயக்காரரிடம் ஆயத்துறையை விடச் சொல்லவில்லை, கட்டளையிட்டதற்கு அதிகமாய் வாங்காதிருங்கள் என்கிறார். போர்ச்சேவகரிடம், சம்பளமே போதும் என்று இருங்கள் என்கிறார். வாடிக்கையாளரின் பில்லில் தொடாத குளிர்பானத்தைச் சேர்க்காமல் இருப்பது பெரிய காரியமா என்று நீங்கள் கேட்கலாம். சேர்க்கச் சொல்லும் முதலாளியிடம் வேலை செய்து பார்த்தால் தெரியும். அந்த இடத்தில் நான் நீண்ட நாள் இருக்கவில்லை.

நாடகத்துக்கு வருகிறேன். பரிசளிப்பு நாளன்று எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கழுதை நன்றாகக் கத்தியது. சமாரியன் இரண்டு பணத்தை என் கையில் வைத்து, "நான் திரும்பிவரும்போது அதை உனக்குத் தருவேன்" என்று கணீரென்று சொல்லி மேடையை விட்டுப் போனான். அந்த இடத்தில் திரை விழவேண்டும். திரைக் கயிறு சிக்கிக்கொண்டது. மண்டபம் நிறைய ஆட்கள். மேடையில் காயப்பட்டவனும் நானும் மட்டும். எனக்கு வசனம் இல்லை. பக்கத்தில் மறைவாக நின்ற மாஸ்டரைப் பார்த்தேன். அவர் இரண்டு கையாலும், இரு, இரு என்று சைகை காட்டினார். நான் போய் அவன் தலைமாட்டில் உட்கார்ந்தேன். நழுவிக் கிடந்த போர்வையை இழுத்துவிட்டேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து விசிறத் தொடங்கினேன். சபையில் யாரோ சிரித்தார்கள், பிறகு அதுவும் அடங்கிவிட்டது.

அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "டேய், முடிஞ்சுதா?" என்று கேட்டான்.

"இல்லையடா, படு" என்றேன்.