வரைபடத்தில் இல்லாத மோடம்

ஒரு மாநில மின்வாரியத்தின் மின்சுமை பகிர்வு மையத்தில், துணைமின் நிலையங்களைத் தொலைவிலிருந்து கண்காணித்து இயக்கும் ஸ்காடா பிரிவில், என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. துணைமின் நிலையங்களின் மின்னழுத்தமும், திறந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர்களின் நிலையும் சில நொடிகளுக்கு ஒருமுறை எங்கள் திரைகளுக்கு வந்து சேரும், அதிர்வெண் 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸுக்குள் நிற்கிறதா என்பதிலேயே ஷிப்ட் பொறியாளரின் கண் இருக்கும். மின்சாரம் நிற்கக் கூடாது, வேலை பார்க்கும் ஆளுக்கு ஆபத்து வரக் கூடாது என்பதைத்தான் அந்த அறையில் நெடுங்காலம் பாதுகாப்பு என்று புரிந்துவைத்திருந்தோம். துணைமின் நிலையத்துக்கும் மையத்துக்கும் இடையே செய்தி சுமக்கும் ஐஇசி 104 நெறிமுறை, கட்டளை இடுபவர் யார் என்று தன்னளவில் சரிபார்ப்பதில்லை. இரு முனைகளிலும் நம் ஆட்களே இருப்பார்கள் என்று நம்பி அமைக்கப்பட்ட ஏற்பாடு அது.

இந்த உலகத்துக்குள் சைபர் பாதுகாப்பு சுற்றறிக்கைகளின் வழியாகவே வந்தது. கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாள 2004 முதல் இயங்கும் செர்ட்-இன் என்ற ஒன்றிய அரசு அமைப்புக்கு, 2008இல் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவு சட்ட அதிகாரம் தந்தது. 70ஏ பிரிவின்கீழ் 2014 ஜனவரியில் தேசிய முக்கியத் தகவல் கட்டமைப்புப் பாதுகாப்பு மையம் அறிவிக்கப்பட்டது. மின்சாரம், வங்கி, தொலைத்தொடர்பு, போக்குவரத்து போன்ற துறைகளின் முக்கியக் கணினி அமைப்புகள் இரண்டாவதன் பொறுப்பு. தொடக்கத்தில் எங்களுக்கு எரிச்சல்தான் மிஞ்சியது. இன்ன மென்பொருளின் ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை உடனே போடுங்கள் என்று அறிவுரை வரும். தாங்கள் சோதிக்காத பேட்ச்சைப் போட்டால் பொறுப்பேற்க மாட்டோம் என்று சர்வரைத் தந்த நிறுவனம் சொல்லும். மாலை உச்சநேரச் சுமை ஏறும்போது சர்வரை நிறுத்த எந்த ஷிப்ட் பொறியாளரும் சம்மதிக்க மாட்டார்.

மனநிலை மாறியதற்கு உக்ரைன் ஒரு காரணம். 2015 டிசம்பர் 23 அன்று அங்கே நடந்த சைபர் தாக்குதலில், மூன்று மின்விநியோக நிறுவனங்களின் கட்டுப்பாட்டறை ஊழியர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் சுட்டி தானாக நகர்ந்து பிரேக்கர்களைத் திறந்தது, ஏறத்தாழ 2.25 லட்சம் நுகர்வோர் இருளில் மூழ்கினார்கள். சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியதற்குக் காரணம், துணைமின் நிலையங்களுக்கே சென்று கையால் இயக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருந்ததுதான். ஆளில்லாத் துணைமின் நிலையங்களைப் பெருமையாக எண்ணிக்கொண்டிருந்த எங்களில் பலருக்கு அந்தச் செய்தி உறுத்தியது.

ஆனால் அரசு அமைப்பின் பயன் எனக்குத் தெளிவானது 2019இல், கூடங்குளம் விவகாரத்தில்தான். அங்கே சைபர் தாக்குதல் நடந்ததாகப் பேச்சு எழ, அக்டோபர் 29 அன்று அணுமின் நிலையத்தின் சார்பில் மறுப்பு வெளியானது. மறுநாளே, கணினிக்குள் ஊடுருவும் தீநிரல் (மால்வேர்) கண்டறியப்பட்டது உண்மை என்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாகப் பணிக்கான வலையமைப்பில் இணைந்திருந்த, இணையத்தோடும் தொடர்பு கொண்ட ஒரு கணினியில் அது இருந்தது. உலையின் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனியே இருந்ததால் பாதிக்கப்படவில்லை. அந்த அறிக்கையில் என்னை நிறுத்திய வரி வேறொன்று: செர்ட்-இன் இதைச் செப்டம்பர் 4 அன்றே தெரிவித்திருந்தது. வீட்டுக்குள் இருப்பவருக்குத் தெரியாத புகை தெருவில் நிற்பவருக்குத் தெரிவதுபோல, பல நிறுவனங்களின் தகவல்களைச் சேர்த்துப் பார்க்கும் ஓர் அமைப்புக்கு மட்டுமே புலப்படும் தடயங்கள் உண்டு.

அதற்கு மறுபக்கமும் உண்டு. எங்கள் மையத்தில் ஒருமுறை தணிக்கை நடந்தபோது, இணையத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை என்று வரைபடத்தைக் காட்டி விளக்கினோம். பக்கத்தில் நின்றிருந்த தொழில்நுட்ப உதவியாளர், "சார், சர்வீஸ் பண்றவங்க வச்சிட்டுப் போன மோடம் ஒண்ணு ரேக்குக்குப் பின்னாடி இருக்குங்க" என்றார். தணிக்கையாளரின் எந்தக் கருவியும் அதைக் காட்டியிருக்காது. அது அப்போது அணைந்திருந்தது. தணிக்கையாளர் கோபப்படாமல், நன்றி சொல்லிக் குறித்துக்கொண்டதால்தான் மற்றவர்களும் அன்று வாய் திறந்தார்கள்.

2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் பிறப்பித்த ஆணையை இந்த அனுபவத்தோடு சேர்த்தே பார்க்கிறேன். சம்பவத்தை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாட்கள் காக்க வேண்டும், கணினிகளின் கடிகாரங்களை ஒரே நேரத்துக்கு ஒருங்கிணைக்க வேண்டும் என்றது அது. கடைசிக் கட்டளைக்கு மின்பொறியாளர்கள் முணுமுணுக்கவே இல்லை. கோளாறைக் கண்டு பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் ரிலேக்களில் எது முதலில் இயங்கியது என்பதை மில்லிநொடிக் கணக்கில் தேடிப் பழகியவர்கள் அவர்கள். 2020 அக்டோபர் 12 மும்பை மின்தடையை மாநில அரசு சைபர் நாசவேலை என்றது. ஒன்றிய மின்துறை அமைச்சரோ மனிதத் தவறு என்றார். ஒரே நிகழ்வுக்கு இரண்டு விளக்கங்கள் நிற்கும் இடத்தில், நேரம் பொருந்திய பதிவுகளைத் தவிர வேறு எதை நம்புவது?

ஆறு மணி நேரக் கெடுவில்தான் எனக்குத் தயக்கம். மின்தடை நேர்ந்தால் முதல் சில மணி நேரம் மீட்பிலேயே போய்விடும். காரணம் ரிலேயா, ஆளா, தீநிரலா என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது. சந்தேகத்தையே தெரிவிக்கலாம்தான். ஆனால் தெரிவித்த பொறியாளருக்கு முதலில் வந்து சேர்வது விளக்கம் கேட்கும் சொந்த அலுவலகக் கடிதம் என்றால், அடுத்த முறை அவர் காத்திருக்கவே செய்வார். மத்திய மின்சார ஆணையத்தின் 2021 வழிகாட்டுதல்கள் தகவல் பாதுகாப்புத் தலைமை அதிகாரி ஒருவரை நியமிக்கச் சொல்கின்றன. நான் பார்த்தவரை அந்தப் பொறுப்பு பெரும்பாலும், ஏற்கெனவே மூன்று கோப்பு அலமாரிகளைச் சுமக்கும் ஒரு மேற்பார்வைப் பொறியாளரிடம் கூடுதல் பணியாகவே வந்து சேர்கிறது; டெல்லியிலிருந்து வரும் எச்சரிக்கை அவர் மேசையில் எத்தனை நாள் கிடக்கும் என்பதை எந்த ஆணையாலும் உறுதியாகச் சொல்ல முடியாது.